மிச்சத் தண்ணி

இது நல்லதண்ணி, பிள்ளை. எங்கை எடுக்கிறனீங்கள்? பவுசர் தண்ணியெண்டால் ஒரு மருந்து மணம் இருக்கும், இதிலை அது இல்லை. கடலுக்குத் தூரப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி போலை கிடக்கு. வைச்சுவிடுங்கோ, நான் முழுக்கக் குடிப்பன். குடிக்கிற தண்ணியை மிச்சம் விடுற பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் எழுதுங்கோ, நான் ஆறுதலாச் சொல்லுறன். அந்தக் கடைசி மேசையிலை இருக்கிற பொலிஸ் ஐயா ஒண்டும் எழுதாமல் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருக்கிறார். பாக்கட்டும். நான் பொய் சொல்லப் போறேல்லை. என்ரை தம்பியின்ரை மனிசி துஷாந்தினி எப்பிடிச் செத்தவள் எண்டு கேக்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். ஆனால் அதை மீனிலையிருந்துதான் தொடங்கவேணும். மீன் இல்லாட்டி நான் இண்டைக்கு இந்தக் கதிரையிலை இருக்கமாட்டன்.

பேர் கமலாவதி. வயது அம்பத்திரண்டு. கலியாணம் கட்டேல்லை. வீடு பருத்தித்துறைக்குக் கிழக்காலை, கடற்கரையிலையிருந்து நாலு வளவு தள்ளி. அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயிலை வைக்க ஏலாது. நல்லதண்ணி கிழமைக்கு ரண்டு தரம் பவுசர் லொறியிலை வரும். பிளாஸ்டிக் கானோடை வரிசையிலை நிண்டு, முந்தினவளோடையும் பிந்தினவளோடையும் வாய் குடுத்து, இடுப்பிலை தூக்கிக்கொண்டு வாற தண்ணி அது. அதாலை எங்கடை வீட்டிலை ஒரு சட்டம். நல்லதண்ணியை நிலத்திலை ஊத்தக்கூடாது. அரிசி கழுவினது வாழைக்கு, கோப்பையிலை மிஞ்சினது கறிவேப்பிலைக்கு. ஆரும் வந்தவை அரைக் கிளாஸ் குடிச்சிட்டு மிச்சத்தை வைச்சிட்டுப் போச்சினமெண்டால் எனக்கு அண்டு முழுக்க மனம் சரியிராது.

தம்பி சிவதர்ஷன் எனக்குப் பதினாலு வயது இளமை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அம்மாவும் போனபோது அவனுக்கு ஆறு வயது. நான்தான் வளத்தனான். வீடு என்ரை பேரிலை, எனக்கெண்டு கட்டின சீதன வீடு. கேட்டு வந்தவையும் இருந்தவை, பிறகு இடம்பெயர்வோடை ஆர் எங்கை போச்சினமோ தெரியாது. மாப்பிள்ளை வரேல்லை, வீடு மட்டும் நிண்டுது. தம்பி போட்டிலை போய் விடிய வருவான், நான் தேத்தண்ணியோடை நிப்பன். அவனுக்கு முப்பத்தாறு வயது வரைக்கும் அப்பிடித்தான் ஓடினது, எனக்கு அதிலை ஒரு குறையும் இருக்கேல்லை.

எங்கடை பக்கத்திலை பொடியன் கலியாணம் கட்டினால் பெம்பிளையின்ரை சீதன வீட்டுக்குப் போயிடுவான். அதுதான் முறை. அதாலை நான் அவசரப்படேல்லை. வந்த சம்பந்தங்களிலை ஒண்டுக்குப் பல்லு மிதப்பு, ஒண்டுக்குத் தாய் வாய்க்காரி, மிச்சத்துக்குச் சாதகம் பொருந்தேல்லை. சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினது நான்தான்.

பிறகு அவனே ஒருத்தியைப் பாத்திட்டான். நெல்லியடியிலை ஒரு புடவைக் கடையிலை நிண்டவள், சொந்த ஊர் சண்டிலிப்பாய். தேப்பன் முத்துக்குமாரு தோட்டக்காரர், புகையிலையும் வெங்காயமும். காணி குடுத்திருக்கு, வீடு இன்னும் எழும்பேல்லை, எழும்பும்வரைக்கும் ரண்டுபேரும் என்னோடை இருக்கட்டும் எண்டு பேச்சு. அந்தச் செய்தியைக் கேட்டு எனக்குச் சந்தோசம் எண்டு எழுதுங்கோ. வீடு கட்டுறது லேசான சோலியே? பத்து வருசமும் இழுக்கும் எண்டு நினைச்சன்.

அவள் வந்திறங்கேக்கை மூண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒண்டும் வந்திறங்கிச்சுது. சீதன வீட்டுக்கு முதல் சீதனத் தொட்டி வந்திட்டுதெண்டு நான் பகிடி விட்டன், அவளும் சிரிச்சாள். ஆறு கோல்ட் பிஷ், நாலு ஏஞ்சல், நாலு கறுப்பு மொலி. மீன் பிடிக்கிறவன்ரை வீட்டிலை மீனுக்குச் சாப்பாடு போடுற கூத்தைப் பாக்க அயலெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டு ஜெசிதா, உதிலை எதைக் குழம்பு வைக்கப்போறியள் எண்டு கேட்டாள்.

ஆனால் மீனுக்கும் நல்லதண்ணிதான் வேணும் எண்டாள் துஷாந்தினி. அதுகள் சண்டிலிப்பாய்க் கிணத்துத் தண்ணியிலை வளந்ததுகளாம், எங்கடை உவரிலை விட்டால் செத்திடுமாம். நான் பொல்லாத கோவக்காரி, ஆனால் கத்தமாட்டன். பவுசர் வரிசையிலை அவளையும் கொண்டுபோய் நிப்பாட்டினன். ரண்டு கான் தூக்கினவுடனை அவளுக்குத் தண்ணியின்ரை விலை விளங்கிச்சுது. எங்கடை சட்டத்தையும் சொல்லிக் குடுத்தன். அண்டையிலையிருந்து அவள் ஒரு சொட்டு நிலத்திலை விடேல்லை. நான் சொன்னதை என்னைவிட வடிவாப் பிடிச்சுக்கொண்டவள் அவள்தான்.

நல்ல பிள்ளை. அதை நான் மறைக்கமாட்டன். எதிர்த்து ஒரு வார்த்தை கதைச்சதில்லை. மச்சாள், மச்சாள் எண்டு பின்னாலையே திரிவாள்.

ஆனால் வீடு பத்து வருசம் இழுக்கேல்லை. முத்துக்குமாரு விடாத மனிசன். ரண்டாம் வருசமே சுவர் எழும்பிச்சுது. ஞாயிற்றுக்கிழமையிலை ரண்டுபேரும் மோட்டார் சைக்கிளிலை போய்ப் பாத்திட்டு வருவினம். வந்து எனக்குப் போனிலை படம் காட்டுவினம், இது ஹோல், இது சாமியறை, இது தொட்டி வைக்கிற இடம் எண்டு. ஒரு நாள் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், போட்டை வித்திட்டு மாமாவோடை தோட்டம் செய்யப்போறன் எண்டு. நல்லது தம்பி எண்டன். நீங்களும் எங்களோடை வாங்கோவன் எண்டு துஷாந்தினி கேட்டாள். மனசாரத்தான் கேட்டாள். இன்னொருத்தியின்ரை சீதன வீட்டிலை குசினி மூலையிலை இருக்க நான் ஆர்? இந்த வீட்டிலை தனிய இருக்கவும் எனக்குப் பயம். அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் முதல்முதல் சொல்லுறன்.

மாசியிலை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது உண்மையான காய்ச்சல், கடவுள் குடுத்தது. பத்து நாள் படுத்துட்டாள். நான்தான் கஞ்சி வைச்சன், தலை சீவி இழுத்தன், மேல் துடைச்சன். ஒரு நாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அம்மாகூட இப்பிடிப் பாக்கமாட்டா மச்சாள் எண்டு சொல்லி அழுதாள். தம்பி கடலுக்கும் போகேல்லை, சண்டிலிப்பாய்க்கும் போகேல்லை. வீட்டு வேலை நிண்டுது. பின்னேரத்திலை மூண்டுபேரும் அந்த அறைக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிச்சம், தம்பி பகிடி விட்டான், அவள் படுத்துக்கொண்டு சிரிச்சாள். என்ரை வாழ்க்கையிலை அந்தப் பத்து நாள்மாதிரி நான் சந்தோசமா இருந்ததில்லை.

பதினோராம் நாள் எழும்பிட்டாள். பங்குனியிலை கூரை போட்டாச்சு. ஆவணியிலை புது வீட்டிலை குடிபூரல் எண்டு நாளும் வைச்சாச்சு.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளிலை அவளுக்குத் திரும்ப வருத்தம். இந்தத் தரம் காய்ச்சல் இல்லை. சத்தி, வயித்துப் பிரட்டல், கை கால் உழைவு. தாய் வந்து கூட்டிக்கொண்டு போகப் பாத்தா. இந்த வெயிலுக்குள்ளை பஸ்ஸிலை போற நிலைமையே எண்டு நான்தான் மறிச்சன். திரும்பவும் கஞ்சி வைச்சன். குடிக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் காலமை நல்லதண்ணி கொதிக்கவைச்சு ஆறவிட்டு, ஒரு கண்ணாடி ஜக்கிலை ஊத்தித் தட்டாலை மூடி, கட்டில் தலைமாட்டிலை வைப்பன். வேறை ஆரின்ரை கையாலையும் அவளுக்குத் தண்ணி போகேல்லை. அதை நான் பெருமையாத்தான் சொல்லித் திரிஞ்சனான்.

மீன் சாகத் தொடங்கினது அந்தக் கிழமைதான்.

முதல்லை ஒரு மொலி. காலமை பாத்தால் தண்ணிக்கு மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. செட்டையை உடம்போடை ஒட்டி வைச்சிருந்துது. மத்தியானம் பக்கவாட்டிலை சரிஞ்சு, சாப்பாட்டுக் கோப்பை கழுவி வைச்சிட்டு வந்து பாக்க முடிஞ்சுது. பிள்ளை, கடற்கரையிலை பிறந்தவள் நான், மீன் சாகிறதைப் பாத்துக் கவலைப்படுற சாதி இல்லை. ஆனாலும் அது வாயைத் திறந்து மூடினது என்ரை கண்ணுக்குள்ளையே நிண்டுது. மூண்டு நாளாலை ஒரு ஏஞ்சல். அது தலைகீழா நிண்டு சுத்திச் சுத்தி வந்து போச்சு.

துஷாந்தினி எழும்பேலாமல் கிடந்தாள். அதாலை தொட்டியை நான் பொறுப்பெடுத்தன். யாழ்ப்பாணத்திலை தம்பிக்குத் தெரிஞ்ச ஹுஸைன் எண்டு ஒரு பொடியன் மீன்கடை வைச்சிருக்கிறான், வளர்க்கிற மீன். போனிலை கேட்டால் பொறுமையாச் சொல்லுவான். செத்ததைக் கெதியா எடுங்கோ அக்கா, மூண்டிலை ஒரு பங்கு தண்ணி மாத்துங்கோ, கல்லுப்பு எப்பன், ஒரு சிட்டிகை போடுங்கோ எண்டான். போட்டன். நீல மருந்து குடுத்துவிட்டான், சொட்டு எண்ணி விட்டன். வருத்தமான மீனைத் தனியா ஒரு சட்டியிலை விட்டுக் காத்து மெசினையும் பிடிச்சன். குனிஞ்சு குனிஞ்சு நாரி நொந்தது. ஒரு கோல்ட் பிஷ்ஷை மூண்டு நாள் அப்பிடி வைச்சிருந்து பிழைக்கப்பண்ணினன். அதைத் திரும்பத் தொட்டியிலை விட, அடுத்த நாளே செத்துது. எனக்கு அழுகை வந்தது. உண்மையா வந்தது.

அப்பதான் எனக்கு ஐமிச்சம் பிடிச்சுது. ஆரோ ஏதோ செய்யினம்.

முதல்லை பவுசரை நினைச்சன். ஆனால் அதே தண்ணியைத்தான் ஊரே குடிக்குது, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிறகு ஜெசிதாவை நினைச்சன். வந்தால் தொட்டிக்குக் கிட்டத்தான் நிப்பாள். பாணைப் பிச்சுப் போடுறாளோ எண்டு ரண்டு நாள் கண்ணுக்குள்ளை எண்ணெய் விட்டுக்கொண்டு பாத்தன். அவள் வாயாலை கதைச்சதைத் தவிர ஒண்டும் செய்யேல்லை. வீட்டுக்கு வந்த நாவூறை மீன் எடுத்துக்கொண்டு போகுது, துஷாந்தினிக்கு வாறதை அதுகள் வாங்குதுகள், நல்லதுதானே எண்டு அவள் சொல்லிவிட்டுப் போனாள். தம்பியும் அதை நம்பினான். மீன் செத்தால் மனிசி பிழைப்பாள் எண்டு அவனுக்கு ஒரு ஆறுதல். எங்கடை சனத்துக்கு மீன் செத்தால் தண்ணியைப் பாக்கத் தோணாது, நாவூறுதான் தோணும். எனக்கு அந்த விசர்க் கதையிலை நம்பிக்கை இல்லை.

ஆனிக் கடைசியிலை அவளை ஆஸ்பத்திரியிலை ஆறு நாள் மறிச்சு வைச்சவை. சேலைன் ஏத்த முகம் தெளிஞ்சிட்டுது. அந்த ஆறு நாளும் ஒரு மீன்கூடச் சாகேல்லை. எல்லாம் பாய்ஞ்சு திரியுதுகள், சாப்பாட்டுக்கு அடிபடுதுகள். அவள் வீட்டை வந்து மூண்டாம் நாள் ஒரு மொலியும் ஒரு ஏஞ்சலும் சரிஞ்சுது.

நான் ஹுஸைனிட்டைச் சொன்னன். அவன், அக்கா, இது வருத்தம் இல்லை, வருத்தமெண்டால் ஆள் பாத்து வராது, தண்ணிக்குள்ளை ஏதோ விழுகுது எண்டான். போனை வைச்சிட்டு நான் கணக்குப் பாத்தன். அவள் இல்லாதபோது மீன் சாகேல்லை. அவள் இருந்தால் சாகுது. அப்ப ஆர்? சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஏன் செய்யிறாள் எண்டும் எனக்கு விளங்கிச்சுது. இந்த வீடு சரியில்லை, மீனும் சாகுது நானும் சாகப்போறன் எண்டு காட்டி, ஆவணிக்கு முன்னமே தம்பியைச் சண்டிலிப்பாய்க்கு இழுக்கப்பாக்கிறாள். பாத்தால் பச்சைத் தண்ணி பல்லிலை படாத பிள்ளை. உள்ளுக்கை இவ்வளவும் வைச்சிருக்கிறாளே எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நான் மனசிலை வைச்சிருக்கிற ஆள் இல்லை. தம்பி இருக்கத்தக்கதா, அவளின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டே சொன்னன். தம்பி என்னைப் பாத்த பார்வையை நான் மறக்கேல்லை. அவள்தான் எழும்பி இருக்கப் பாத்தாள், முடியேல்லை.

"மச்சாள், என்ரை மீனை நான் ஏன் கொல்லப்போறன்? அதுகளுக்காகத்தானே ஒவ்வொரு சொட்டும் சேக்கிறன்."

அந்தச் சொல்லை நான் அப்ப கவனிக்கேல்லை. நடிப்பு எண்டு நினைச்சன். வாய் கூசாமல் கதைக்கிறாள் எண்டு குசினிக்குள்ளை போய் நிண்டு புறுபுறுத்தன். அண்டையிலையிருந்து அவளைப் பாக்கத் தொடங்கினன். கதவு நீக்கலுக்குள்ளாலை பாத்தன், ஜன்னலாலை பாத்தன், கூட்டுற சாட்டிலை பாத்தன்.

நாலாம் நாள் பிடிச்சன். காலமை பத்து மணியிருக்கும். தம்பி வலை பொத்தக் கடற்கரைக்குப் போயிட்டான். நான் கிணத்தடியிலை இருக்கிறன் எண்டு அவள் நினைச்சாள். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்தாள். ஒரு கையிலை ஜக். முதல்நாள் நான் வைச்ச ஜக், பாதிக்கு மேலை அப்பிடியே கிடந்துது. சத்திக்குப் பயந்து அவள் குடிக்கிறது கொஞ்சம்தான். தொட்டியின்ரை மூடியைத் தூக்கி, மீனுக்கு நோகாமல், ஓரத்தாலை மெல்ல மெல்ல ஊத்தினாள். ஊத்திப்போட்டு ஜக்கைக் கவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். நல்லதண்ணி எல்லோ.

நான் அந்த இடத்திலேயே நிண்டன். வீட்டிலை அந்த ஜக்குக்குள்ளை என்ன கிடந்தது எண்டு தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான்.

போத்தலை நீங்கள் எடுத்து வைச்சிருக்கிறியள், பேரை அதிலையே பாத்து எழுதலாம். முத்துக்குமாரு மகளின்ரை மிளகாய்க் கண்டுக்குப் பூச்சிக்கு அடிக்கக் குடுத்துவிட்ட மருந்து. கிணத்தடிச் சுவர் மாடத்திலை சும்மா கிடந்தது. குடிபூரலுக்கு நாள் வைச்ச அண்டு பின்னேரம் கை கால் கழுவப் போனபோது கண்ணிலை பட்டுது. அவளைக் கொல்லவேணும் எண்டு நான் நினைக்கேல்லை, சத்தியமா நினைக்கேல்லை. மாசி மாதக் காய்ச்சல் மாதிரி ஒண்டு. எழும்பி மோட்டார் சைக்கிளிலை ஏறாத அளவுக்கு. தண்ணியிலை எப்பன். ஒரு நாள் கலந்தால் ரண்டு நாள் விடுவன். அவள் நல்லா வாடிப்போனால் ஒரு கிழமை விட்டிட்டு முட்டை அடிச்சுக் குடுத்துத் தேத்துவன். என்னைப்போலை அவளைப் பாத்தவை ஒருத்தரும் இல்லை. தாய் வந்து நிண்ட நாளிலைகூட அவள் தண்ணி கேட்டது என்னட்டைத்தான்.

அப்ப பாருங்கோ, மீனைச் சாகப்பண்ணினது அவளும் இல்லை, நானும் இல்லை. நான் சொல்லிக் குடுத்த சட்டம். அதை நினைக்க எனக்கு ஒரு சிரிப்பும் வந்தது, ஒரு பயமும் வந்தது. ஹுஸைன் தண்ணிக்குள்ளை ஏதோ விழுகுது எண்டு சொல்லிப்போட்டான். தம்பியிட்டையும் சொல்லுவான். மிச்சம் ஒன்பது மீன். ஒவ்வொண்டும் சாகச் சாக ஆரோ ஒருத்தர் தண்ணியைப் பத்தி யோசிப்பினம்.

நிப்பாட்டியிருக்கலாமே எண்டு கேப்பியள். அந்த ஐயாவின்ரை முகத்திலையும் அதுதான் எழுதிக் கிடக்கு. ஓம், நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டினால் ரண்டு கிழமையிலை எழும்பிடுவாள். அப்ப ஆடி பிறந்திட்டுது. ஆவணி முதற் கிழமை குடிபூரல். சண்டிலிப்பாயிலை தொட்டி வைக்க மேசையும் செய்தாச்சு.

அதாலை நான் உள்ளுக்கை போய் அவளிட்டை மன்னிப்புக் கேட்டன். உன்னைப் பிழையா நினைச்சிட்டன் பிள்ளை எண்டன். அவள் உடனை அழுதிட்டாள், பரவாயில்லை மச்சாள் எண்டு என்ரை கையைப் பிடிச்சாள். பிறகு சொன்னன், கொதிச்சு ஆறின தண்ணி மீனுக்குக் கூடாதாம், அதாலைதான் சாகுதாம், இனித் தொட்டியிலை ஊத்தாதை எண்டு. அவள் பயந்துபோனாள். அப்ப நானோ மச்சாள் அதுகளைச் சாகப்பண்ணினனான் எண்டு கேட்டாள். தெரியாமல் செய்ததுதானே எண்டு தேத்தினன். மிச்சத் தண்ணியை என்ன செய்யிறது, கறிவேப்பிலையடிக்கு நடக்கவும் ஏலாது, நிலத்திலை ஊத்தவும் கூடாதே எண்டு அந்தரப்பட்டாள்.

"மிச்சம் விடாதை, பிள்ளை. முழுக்கக் குடி. உனக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது."

சொன்னது அவ்வளவும்தான். அவள் சொல்வழி கேக்கிற பிள்ளை. காலமையிலை வைச்ச ஜக் பின்னேரம் காஞ்சுபோய்க் கிடக்கும். மூண்டாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோக, முகமெல்லாம் வெளிறிக் கிடந்துகொண்டு சிரிச்சாள். மச்சாள், நீங்கள் சொன்னது சரி, மீன் ஒண்டும் சாகேல்லை எண்டாள். நான் தொட்டியை எட்டிப் பாத்தன். ஒன்பதும் வடிவா நீந்துதுகள். அந்தக் கிழமை ஒரு மீனும் சாகேல்லை. அடுத்த கிழமையும் சாகேல்லை.

அவள் ஆடி பதினேழாம் நாள் காலமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலை செத்தாள். வானுக்குள்ளை தலை என்ரை மடியிலைதான் இருந்தது. கையிலை துவாய் நனைச்சு வைச்சிருந்தன், உதடு காயவிடேல்லை. முத்துக்குமாரு செத்த வீட்டிலை என்னைக் கட்டிப்பிடிச்சு, என்ரை பிள்ளையைக் கடைசிவரைக்கும் நீங்கள்தான் பிள்ளை பாத்தது எண்டு அழுதவர். நானும் அழுதன். உடம்பிலையிருந்து எடுத்ததைக் கொழும்புக்குச் சோதிக்க அனுப்பினவையாம். அது வரமுந்தி மீன் சொல்லிப்போட்டுது.

செத்த ஆளுக்கு விளக்கும் தண்ணியும் வைக்கிறது எங்கடை வழக்கம் எண்டு உங்களுக்குத் தெரியும். படத்துக்கு முன்னாலை ஒரு செம்பிலை வைச்சு நாளாந்தம் மாத்துறது. நான் செம்பைப் புளி போட்டு மினுக்கிக் கொண்டுவர, தம்பி வேண்டாம் எண்டிட்டான். அவளின்ரை கட்டில் தலைமாட்டிலை கிடந்த ஜக்கைக் கொண்டுவந்து விளக்குக்குப் பக்கத்திலை வைச்சான். கடைசிநாள் அவள் குடிச்சு மிஞ்சினது, கால்வாசி தண்ணி. அவள் வாய் வைச்ச தண்ணி, அப்பிடியே இருக்கட்டும் அக்கா எண்டான். தூசி விழும், மாத்துவம் தம்பி எண்டு நான் ரண்டு தரம் சொல்லிப் பாத்தன். அவன் கேக்கேல்லை. அந்த இடத்தை விட்டு எழும்பவும் இல்லை. எட்டு நாளும் அந்த ஜக்குக்கு முன்னாலை பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தான். எட்டு நாளும் நானும் அந்த ஜக்கைத்தான் பாத்துக்கொண்டு திரிஞ்சன்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவு, முடிஞ்சு சனமெல்லாம் போன அடுத்தநாள் காலமை, நான் குசினியிலை அரிசி கழுவுறன். ஜன்னலாலை ஹோல் தெரியும். தம்பி ஜக்கை எடுத்தான். கொஞ்சநேரம் கையிலை வைச்சிருந்தான். மனிசி வாய் வைச்ச தண்ணியை ஆரின்ரை காலிலையும் மிதிபடுற இடத்திலை ஊத்த அவனுக்கு மனம் வரேல்லை. நல்லதண்ணியும். தொட்டியின்ரை மூடியைத் தூக்கினான். தம்பி வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் ஏனெண்டு கேப்பான். நான் அரிசியை ரண்டாந் தரமும் கழுவினன்.

மத்தியானத்துக்கிடையிலை ஒன்பதும் மேலை வந்திட்டுதுகள். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, பிறகு வயிறு மேலை தெரியப் புரண்டுகொண்டு. தம்பி தொட்டிக்கு முன்னாலை நிலத்திலை இருந்தான். ஹுஸைனுக்குப் போன் எடுத்துக் கதைச்சான். அவன் அங்கை என்ன சொன்னவன் எண்டு தெரியாது. இவன் ஓம், ஓம் எண்டு மட்டும் சொன்னான். பிறகு ஜக்கைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலிலை வந்து நிண்டான்.

"அக்கா, இதுக்குள்ளை தண்ணி வைக்கிறது ஆர்?"

"நான்தானே தம்பி. ஒவ்வொரு நாளும் நான்தானே வைக்கிறனான்."

ஜக்கைக் கழுவக் கேட்டு நான் கையை நீட்டினன், தரேல்லை. ஒரு சேட்டுக்குள்ளை சுத்தி எடுத்துக்கொண்டு இஞ்சை வந்திட்டான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வரேக்கை நான் சோறும் பருப்பும் ஆக்கி முடிச்சு, அவனுக்குக் கோப்பையிலை போட்டு மூடி வைச்சிருந்தன். அவன் வீட்டிலைதான் இருக்கிறான் எண்டு அந்த ஐயா சொன்னவர். சண்டிலிப்பாய்க்குப் போகேல்லையாம். அதைக் கேக்க எனக்கு ஒரு நிம்மதி.

சரி, கையெழுத்து எங்கை வைக்கிறது? தண்ணியிலை கலந்தது நான். முழுக்கக் குடி எண்டு சொன்னதும் நான். துஷாந்தினி செத்தது என்ரை கையாலைதான். அதிலை எனக்கு மறுப்பு இல்லை, எங்கை கேட்டாலும் இதையே சொல்லுவன். ஆனால் ஒண்டை மட்டும் வடிவா எழுதிக்கொள்ளுங்கோ, பிள்ளை, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. அந்த ஒன்பது மீனையும் நான் கொல்லேல்லை. அதுகளைக் காப்பாத்தினவள் நான். ஊத்தினது தம்பி.